கோணல் கிட்டாரின் குரல்: டோனுக்காக எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குவோருக்கு

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ எந்த இசைக்கருவிக் கடைக்குள் போனாலும், சுவரில் தொங்கும் எலெக்ட்ரிக் கிட்டார்கள் பெரும்பாலும் மூன்று உருவங்களுக்குள் அடங்கிவிடும்: டெலிகாஸ்டர், லெஸ் பால், ஸ்ட்ராட்டோகாஸ்டர். மூன்றுமே 1950களின் முதல் பாதியில் சந்தைக்கு வந்தவை. மூலையில் ஒன்று மட்டும் இந்தக் கூட்டத்தோடு ஒட்டாமல் தொங்கும். வாங்க வந்தவர் அதைப் பார்ப்பார், லேசாகச் சிரிப்பார், நகர்ந்துவிடுவார். அதை ஆம்பில், அதாவது ஒலிபெருக்கியில், மாட்டிக் கேட்டுப் பார்ப்பவர் குறைவு.

மாட்டிக் கேட்க விரும்பும் புதியவருக்காக இந்தக் கட்டுரை. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். விநோதமாக இருக்கும் கிட்டார் எல்லாம் விநோதமாக ஒலிப்பதில்லை. விநோதம் உடம்பில் இருக்கிறதா, உள்ளே இருக்கும் மின்சுற்றில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

கிப்சன் 1958இல் வெளியிட்ட, V எழுத்து வடிவ ஃப்ளையிங் வி கிட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். மேடையில் அதைவிட்டுக் கண் நகராது. நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் உள்ளே இருந்தவை அன்றைய லெஸ் பாலில் இருந்த அதே ஹம்பக்கர் பிக்கப்கள், அதாவது தந்தியின் அசைவை மின்சாரமாக்கும் இரட்டைச் சுருள்கள். கண்ணை மூடிக் கேட்டால் இரண்டும் நெருங்கிய சொந்தம். இதற்கு நேர்மாறு டான்எலக்ட்ரோ. நேத்தன் டேனியல் என்பவர் 1947இல் தொடங்கிய அமெரிக்க நிறுவனம் அது. 1950களில் அங்கே செய்த கிட்டார்களுக்கு நடுவில் ஒரு மரச்சட்டம், மேலும் கீழும் மேசனைட், அதாவது மரநாரை அழுத்திச் செய்த அட்டைப்பலகை. சியர்ஸ் நிறுவனம் அவற்றைச் சில்வர்டோன் என்ற பெயரில் மலிவு விலைக்கு விற்றது. பிடித்தால் எடையே தெரியாது, தட்டினால் பெட்டிச் சத்தம் வரும். ஆனால் ஆம்பில் மாட்டினால் வேறு எந்தக் கிட்டாரிலும் கேட்காத ஒரு மணியோசை. விநோதம் அங்கே உள்ளே இருக்கிறது.

ஒலி பிறக்கும் இடம்

பிக்கப் என்பது ஒரு காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும்தான். கம்பியின் விட்டம் பெரும்பாலும் 0.063 மி.மீ.; கை பட்டாலே அறுந்துவிடும். காந்தத்துக்கு மேல் எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் குலைகிறது, அந்தக் குலைவு சுருளில் மின்னழுத்தமாக எழுகிறது. நைலான் தந்தி மாட்டினால் ஆம்பில் ஒன்றுமே கேட்காது, ஏனென்றால் பிக்கப்புக்குக் காற்றில் பரவும் ஒலி தேவையில்லை. தனக்கு நேர் மேலே எஃகு எப்படி அசைகிறது என்பதை மட்டும்தான் அது பிடிக்கும். நாதஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ, எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் பிக்கப் அப்படி.

மரத்துக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு. தந்தி எவ்வளவு நேரம் அதிர்கிறது, எந்த அதிர்வு முதலில் அடங்குகிறது என்பதில் மரத்துக்கும் கழுத்துக்கும் கை இருக்கிறது. அது எவ்வளவு என்பதைப் பற்றி மாமாக் கடையில் கிட்டார்காரர்கள் இருவர் உட்கார்ந்தால், தே தாரிக் ஆறிப்போகும்வரை வாக்குவாதம் நடக்கும். பணத்தை எதில் போடுவது என்று யோசிப்பவருக்கு அந்த வாக்குவாதம் தேவையில்லை. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடர் தன் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கழுத்துப் பக்கம் ஜப்பானிய டெய்ஸ்கோ கிட்டாரின் கோல்டு ஃபாயில் பிக்கப்பையும், பிரிட்ஜ் (தந்தி உடம்பில் ஊன்றும் இடம்) பக்கம் பழைய லாப் ஸ்டீல் (மடியில் கிடத்தி வாசிக்கும் கிட்டார்) ஒன்றின் பிக்கப்பையும் பொருத்தினார். உடம்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர்தான், குரல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் இல்லை. குயீன் குழுவின் பிரையன் மே 1963இல் தன் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே கிட்டார் செய்யத் தொடங்கியபோது, கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்தை எடுத்துக்கொண்டார். பிக்கப்பை மட்டும் பர்ன்ஸ் நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்கினார்.

பிக்கப்பைப் படிப்பது

விற்பவர்கள் ஒரு எண்ணைச் சொல்வார்கள்: "இது எட்டு கே, பாஸ், நல்லா ஹாட்டா இருக்கும்." சுருளின் மின்தடை 8 கிலோ ஓம் என்று பொருள். எவ்வளவு கம்பி சுற்றியிருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம், அவ்வளவே. ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப் சுமார் 6, பழைய பாணி ஹம்பக்கர் 7.5 முதல் 8.5, கிரெட்ச் ஃபில்டர்ட்ரான் சுமார் 4 கிலோ ஓம். எண் சிறியது என்பதால் ஃபில்டர்ட்ரான் மட்டமான பிக்கப் ஆகிவிடாது. அதன் பளிச்சென்ற ஒலிக்குக் குறைந்த கம்பியே காரணம்.

காதுக்கு நேரடியாகத் தெரிவது ஒத்ததிர்வு உச்சம். சுருளின் தூண்டலும், சுருளும் கேபிளும் சேர்ந்த மின்தேக்கமும் கூடி, ஏதோ ஓர் அதிர்வெண்ணில் ஒலியைத் தூக்கிக் காட்டும்; அதற்கு மேலே உள்ள ஒலி வேகமாகச் சரிந்துவிடும். கணக்குப் போட்டால் இப்படி வரும். 2.4 ஹென்றி தூண்டல் உள்ள ஒற்றைச் சுருள் பிக்கப், ஐந்து மீட்டர் கேபிள், எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 610 பிகோஃபேரட் மின்தேக்கம்: உச்சம் 4,150 ஹெர்ட்ஸ் அருகில். அதே கேபிளில் 4.5 ஹென்றி ஹம்பக்கர்: 3,050 ஹெர்ட்ஸ் அருகில். முதலாவது கண்ணாடிபோல் தெளிவாகவும், இரண்டாவது கொழுத்தும் கேட்பதற்கு இந்த ஆயிரத்துச் சொச்சம் ஹெர்ட்ஸ் பெரிய காரணம். கடையில் பிக்கப்பின் விவரத்தாள் இருந்தால் கிலோ ஓமைத் தாண்டி ஹென்றியைத் தேடுங்கள்.

விநோதக் கிட்டார்களில் அடிக்கடி எதிர்ப்படும் பிக்கப்கள் ஐந்தாறுதான்.

லிப்ஸ்டிக் பிக்கப் டான்எலக்ட்ரோவின் அடையாளம். ஒரு பட்டைக் காந்தத்தைச் சுற்றிக் கம்பி, அதை மூடி உதட்டுச்சாயக் குழாய். ஒலி மெலிதாகவும் மினுமினுப்பாகவும் இருக்கும், ஆனால் காதைக் குத்தாது. இரண்டு பிக்கப் உள்ள டான்எலக்ட்ரோவில் சுவிட்சை நடுவில் வைத்தால், மற்ற கிட்டார்களைப் போல இரண்டும் பக்க இணைப்பில் சேராது, தொடரிணைப்பில் சேரும். அதனால் நடு நிலையில் ஒலி திடீரென்று பெருத்து முன்னே வரும். லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ் டான்எலக்ட்ரோ வாசித்தவர். விலை மலிவு என்பது அவரைத் தடுக்கவில்லை.

பி-90 கிப்சன் 1946இல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த ஒற்றைச் சுருள். அகலமான தட்டையான சுருள், சுமார் 10,000 சுற்று, அடியில் இரண்டு பட்டைக் காந்தம். நடுத்தர ஒலி முரட்டுத்தனமாக முன்னே நிற்கும். வால்யூமைக் குறைத்தால் சுத்தமாகும், ஏற்றினால் உறுமும். முதல் "வித்தியாசமான" கிட்டார் தேடுபவருக்கு எங்கள் பரிந்துரை இதுதான்: பாகம் எளிதில் கிடைக்கும், ஒலியும் சாதாரணம் இல்லை.

ஃபெண்டரின் ஜாஸ்மாஸ்டர் கிட்டாரில் வந்த பிக்கப் (1958) வெளியே பார்த்தால் பி-90க்கு உடன்பிறப்பு. உள்ளே அப்படியில்லை: காந்தக் கோல்கள் சுருளுக்கு நடுவே நிற்கின்றன, சுருள் மிக அகலமாகவும் உயரம் குறைவாகவும் இருக்கிறது. ஒலி திறந்தது, மென்மையானது. ஜாஸ்மாஸ்டர் மூடிக்குள் பி-90 வகையை வைத்து விற்கும் மாடல்களும் உண்டு. தவறொன்றும் இல்லை, ஆனால் நீங்கள் எதைத் தேடி வந்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஃபில்டர்ட்ரானை ரே பட்ஸ், கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸுக்காக உருவாக்கினார். கிரெட்ச் கிட்டார்களில் 1957 முதல் வந்தது. இரட்டைச் சுருள் என்பதால் இரைச்சல் இல்லை, கம்பி குறைவு என்பதால் பளிச்சும் குறையவில்லை. ஹம் (மின்சார இரைச்சல்) பிடிக்காது, ஹம்பக்கரின் கொழுப்பும் பிடிக்காது என்பவர் நேராக இங்கே வரலாம்.

கோல்டு ஃபாயில் என்ற பெயரில் உள்ளே வெவ்வேறு பிக்கப்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் டிஆர்மண்ட் செய்தது ஒன்று, ஜப்பானின் டெய்ஸ்கோ செய்தது வேறொன்று. பொதுவானது தங்கநிறத் தகடு மட்டும். டெய்ஸ்கோ வகையில் ரப்பர் கலந்த ஃபெரைட் காந்தம் இருக்கும், இழுவை மென்மை, ஒலியில் ஒரு கரகரப்பு. இன்று புதிதாக வரும் மலிவுப் பிக்கப்கள் சிலவற்றில் தங்கத் தகட்டுக்கு அடியில் சாதாரண ஹம்பக்கர் இருக்கிறது. பார்த்து வாங்க வேண்டிய முதல் பொறி இது.

இரண்டாவது பொறி ஏர்லைன். 1960களில் வால்கோ நிறுவனம் கண்ணாடியிழை உடம்போடு செய்து, மான்ட்கோமரி வார்டு பட்டியல் வழியே விற்ற கிட்டார். ராக் கிட்டார் கலைஞர் ஜாக் வைட் கையில் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் அசல் பிக்கப்கள் ஹம்பக்கர் அளவில் இருக்கும், ஆனால் ஒற்றைச் சுருள். இன்று வரும் மறுபதிப்புகளில் என்ன இருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். விவரத்தாளைப் படிக்காமல் படத்தை நம்பி வாங்கினால் வேறு கிட்டார் வீட்டுக்கு வரும்.

பிக்கப் உட்காரும் இடம், இணைப்பு, கேபிள்

ஒரே பிக்கப்பைக் கழுத்தருகே வைத்தால் பருமனாகவும் பிரிட்ஜ் அருகே வைத்தால் கூர்மையாகவும் கேட்கும். பிரிட்ஜ் அருகே தந்தியின் அசைவு குறைவு, அடிப்படைச் சுரம் வலுவிழந்து மேல்சுரங்கள் தூக்கலாகத் தெரியும். இருபத்திநான்காம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) இருக்கும் இடம் பிரிட்ஜிலிருந்து தந்தி நீளத்தின் கால் பங்கு. திறந்த தந்தியின் அடிப்படைச் சுரத்தைப்போல் நான்கு மடங்கு அதிர்வெண் உள்ள மேல்சுரம் அங்கே அசைவதில்லை, ஆகவே அங்கே உட்காரும் பிக்கப் அதைப் பிடிக்காது. பழைய கிட்டார்களின் கழுத்துப் பிக்கப்பில் கேட்கும் அந்த உருண்டை ஒலிக்கு இதிலும் ஒரு பங்கு உண்டு. 24 ஃப்ரெட் கிட்டாரில் பிக்கப் பின்னே தள்ளப்படுவதால் அது கொஞ்சம் மாறிவிடும். விநோத வடிவக் கிட்டார்களில் பிக்கப் வழக்கமில்லாத இடத்தில் இருந்தால், அதுதான் ஒலியின் விநோதத்துக்கும் காரணமாக இருக்கும், அளந்து பாருங்கள்.

வால்யூம் பாட் (வால்யூம் குமிழுக்கு அடியில் உள்ள மாறுதடை) மதிப்பும் டோனில் கை வைக்கும். ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் வழக்கம். ஜாஸ்மாஸ்டரிலும் ஜாகுவாரிலும் ஃபெண்டர் 1 மெகா ஓம் வைத்தது. மதிப்பு கூடக் கூட உச்சம் கூர்மையாகும். "ஜாகுவார் காதைக் கிழிக்கிறது" என்று சொல்பவர் பல நேரம் பிக்கப்பைத் திட்டுகிறார், திட்டவேண்டியது வால்யூம் பாட்டை.

கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரணக் கேபிள் மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோஃபேரட். மேலே சொன்ன ஒற்றைச் சுருளை ஐந்து மீட்டருக்குப் பதில் பத்து மீட்டர் கேபிளில் மாட்டினால் உச்சம் 4,150இலிருந்து 3,100 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், அதாவது ஹம்பக்கர் இருந்த இடத்துக்கு. கடையில் இரண்டடிக் கேபிளில் கேட்டு மயங்கி, கோயில் மேடையில் நீளக் கேபிளில் வாசித்து ஏமாறுவது இப்படித்தான். சொந்தக் கேபிளைக் கடைக்கு எடுத்துப் போங்கள்.

தந்தி நீளமும் பிரிட்ஜும்

ஸ்ட்ராட்டோகாஸ்டரின் தந்தி நீளம் 25.5 அங்குலம், டான்எலக்ட்ரோ 25, லெஸ் பால் ஏறத்தாழ 24.75, ஜாகுவாரும் மஸ்டாங்கும் 24. ஒரே தந்தி, ஒரே சுருதி என்றால் இறுக்கம் நீளத்தின் இருமடியைப் பொறுத்தது. 25.5இலிருந்து 24க்கு வந்தால் இறுக்கம் சுமார் 11 சதவீதம் குறையும். அதனால் ஜாகுவாரில் தாழ்ந்த தந்திகள் தளர்ந்து, அடித்தவுடன் சுருதி கொஞ்சம் ஏறிக் கேட்கும். நீளக் கிட்டாரில் 10 செட் (முதல் தந்தி 0.010 அங்குலத் தடிமன் உள்ள தந்தித் தொகுதி) போட்டுப் பழகியவர் இதில் 10.5 போட்டால் கைக்கு அதே இறுக்கம் கிடைக்கும்.

ஜாஸ்மாஸ்டர், ஜாகுவார் பிரிட்ஜுக்கு மெல்லிய தந்தி ஆகாது. 9 செட் போட்டு ஓங்கி அடித்தால் தந்தி சேடிலின் (பிரிட்ஜில் தந்தி படியும் தாங்கி) பள்ளத்திலிருந்து துள்ளி வெளியே வரும். பிரிட்ஜைத் தாண்டித் தந்தி மடியும் கோணம் குறைவு என்பதே காரணம். 11 செட் போட்டு, கழுத்துக்கும் உடம்புக்கும் நடுவே மெல்லிய ஆப்பு வைத்து, அந்த உயரத்துக்குப் பிரிட்ஜை ஏற்றினால் சரியாகும். பிரிட்ஜுக்குப் பின்னால் நீளும் தந்தியும் சேர்ந்து ரீங்கரிக்கும். சிலருக்கு அதுதான் டோன், சிலருக்குத் தலைவலி. ஒரு துண்டு ஃபோம் செருகினால் அடங்கும்.

பழைய ஜப்பானியக் கிட்டார்களிலும் ஆர்ச்டாப்களிலும் (மேல்பலகை வளைந்த கிட்டார்கள்) மரப் பிரிட்ஜ் இருக்கும், சேடில் ஒரே துண்டு. அது மூன்றாம் தந்தி சுற்றுத்தந்தியாக (மேலே மெல்லிய கம்பி சுற்றியதாக) இருந்த காலத்துக்கு வெட்டியது. இன்றைய செட்டில் மூன்றாவது வெறுந்தந்தி, ஆகவே அது மட்டும் மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி ஏறும். கிட்டாரைக் குறைசொல்லாமல் சுற்றிய மூன்றாம் தந்தி உள்ள செட்டைக் கேட்டு வாங்குங்கள்.

கடையில் கேட்பது

ஆம்பைச் சுத்த ஒலியில் வையுங்கள். பேஸ், மிடில், டிரெபிள் மூன்றும் நடுவில், ரிவர்ப் அணைப்பு, பெடல் எதுவும் வேண்டாம். டிஸ்டார்ஷன் எல்லாக் கிட்டாரையும் ஒன்றுபோல் ஆக்கிவிடும். கடைக்காரர் முதலில் அதைத்தான் தட்டிவிடுவார், மரியாதையாக அணைக்கச் சொல்லுங்கள். கூடவே ஒரு சாதாரண ஸ்ட்ராட்டோகாஸ்டரையோ லெஸ் பாலையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டும். பிக்கப்பின் பலம் வேறுபடும், ஆகவே ஒவ்வொரு முறையும் ஆம்ப் வால்யூமைத் திருகிச் சத்தத்தைச் சமமாக்குங்கள். சத்தமாகக் கேட்பது எப்போதும் நன்றாகவே கேட்கும். காதை ஏமாற்றும் முதல் வழி அது.

பிறகு நண்பரிடம் கிட்டாரைக் கொடுத்துவிட்டு நீங்கள் திரும்பி நில்லுங்கள். இரண்டு கிட்டாரிலும் ஒரே இசைத்துணுக்கை, ஒரே பிக்கை (தந்தியை மீட்டும் சில்லு) வைத்து, மாற்றி மாற்றி வாசிக்கச் சொல்லுங்கள்: திறந்த ஈ மேஜர் கார்டு, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஒவ்வொரு தந்தியும், ஆறாம் தந்தியில் ஒரு நீண்ட சுரம். வால்யூமை 10இலிருந்து 5க்குக் குறைத்து மறுபடி. குறைத்ததும் ஒலி மங்கிச் சேறாகிறதா, சத்தம் மட்டும் குறைகிறதா என்பது முக்கியம். இந்த நிலையில் பிடித்தால் கிட்டார் பிடித்திருக்கிறது. திரும்பிப் பார்த்த பிறகுதான் பிடித்தது என்றால் பிடித்தது பெயிண்ட்.

தனியாகக் கேட்பதும் குழுவில் கேட்பதும் ஒன்றில்லை. நம் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு நடுத்தர ஒலி முழுவதையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், கீழே பேஸ் கிட்டாரும் தபேலாவும். கழுத்துப் பக்க ஹம்பக்கரின் கொழுத்த ஒலி அங்கே கரைந்து போகும். வாசிப்பவருக்கே தன் சத்தம் கேட்காது. கடையில் "மெலிசா இருக்கே" என்று ஒதுக்கிய லிப்ஸ்டிக் பிக்கப்போ ஃபில்டர்ட்ரானோ அந்தக் கூட்டத்துக்குள் தெளிவாக வெட்டிக்கொண்டு வரும். மூன்று பேர் மட்டும் உள்ள ராக் குழுவில் கதை தலைகீழ்: வெற்றிடத்தை நிரப்ப பி-90 அல்லது ஹம்பக்கர் வேண்டும். எந்த மேடைக்கு வாங்குகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டே கடைக்குப் போங்கள்.

கைமாறி வரும் கிட்டார்

விநோதக் கிட்டார்கள் பெரும்பாலும் மூடா, காரோசெல் ஆகிய இணையச் சந்தைகளில்தான் கிடைக்கும். விற்பவர் பேரங்காடி காப்பிக்கடையில் சிஓடி, அதாவது நேரில் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம், என்பார். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஜாமிங் ஸ்டூடியோவில் சந்திக்கலாம் என்று நீங்கள் சொல்லுங்கள், வாடகை உங்கள் செலவு. மாட்டிப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

எடுத்துப்போக வேண்டியவை: சொந்தக் கேபிள், டியூனர், மல்டிமீட்டர், சிறு ஸ்க்ரூடிரைவர். கேபிளைக் கிட்டாரில் செருகி, மறுமுனை ஜாக்கின் நுனியிலும் உடலிலும் மீட்டரை வையுங்கள். வால்யூமும் டோனும் 10. ஒவ்வொரு பிக்கப்பாக மாற்றிப் படியுங்கள். எதிர்பார்த்த கிலோ ஓம் வந்தால் சுருள் நலம். பாட்டின் மதிப்பான 250 அல்லது 500 வந்தால் சுருள் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் எங்கோ ஷார்ட். ஹம்பக்கரில் எதிர்பார்த்ததில் பாதி வந்தால் ஒரு சுருள் மட்டும் வேலை செய்கிறது, அல்லது அதைப் பிரிக்கும் சுவிட்ச் இழுத்து வைக்கப்பட்டிருக்கிறது. வெப்பத்துக்குச் செம்பின் தடை ஏறும்: 20 டிகிரியில் 8.0 காட்டும் பிக்கப் நம் ஊர் 30 டிகிரியில் 8.3 காட்டும். அதை வைத்துப் பேரம் பேச வேண்டாம்.

ஆம்பை இயக்கி, ஸ்க்ரூடிரைவர் முனையால் பிக்கப்பின் காந்த முனைகளை மெல்லத் தொட்டால் "டக்" என்று கேட்கும். மூடியைத் தட்டும்போதும் மைக்கைத் தட்டியதுபோல் பெரிதாகக் கேட்டால், சுருள் மெழுகில் முக்கப்படவில்லை அல்லது மெழுகு உதிர்ந்திருக்கிறது. சிறிய சத்தத்தில் அது அழகு. பெரிய சத்தத்தில் கீச்சென்று அலறும். பழைய கோல்டு ஃபாயிலில் இதை எதிர்பார்த்தே வாங்க வேண்டும். பாட்டைத் திருகும்போது கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் போதும், அது குறையே இல்லை.

கழுத்து அப்படியல்ல. ஆறாம் தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, எட்டாம் ஃப்ரெட் அருகே இடைவெளியைப் பாருங்கள். 0.2 முதல் 0.3 மி.மீ. சரி, 10 செட்டின் முதல் தந்தி 0.25 மி.மீ., அந்தத் துண்டை உள்ளே விட்டு அளக்கலாம். கூடுதலாக வளைந்திருந்தால் டிரஸ் ராடைக் (கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டு) கால் சுற்று திருகிச் சரிசெய்யலாம். ஆனால் 1950, 60களின் பல மலிவுக் கிட்டார்களில் சரிசெய்யக்கூடிய டிரஸ் ராட் கிடையாது. அப்படிப்பட்ட கழுத்து வளைந்திருந்தால், ஒலி எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பழுதுபார்க்கும் செலவு கிட்டாரின் விலையைத் தாண்டும். கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தால் பேச்சே வேண்டாம்.

கடைசியாகப் பாகங்கள். தனக்கென்றே வார்த்த டிரெமலோ (சுருதியை ஏற்றி இறக்கும் நெம்புகோல் அமைப்பு), தனி அளவு பிக்கப் மூடி, தலையில்லாத கிட்டாருக்கு இருமுனையிலும் உருளை உள்ள தந்தி: இவற்றில் ஏதாவது உடைந்தாலோ தீர்ந்தாலோ பினாங்கில் கடையேறி வாங்க முடியுமா என்று முன்பே விசாரியுங்கள். கிட்டாருக்கு வைத்திருக்கும் பணத்தில் ஆறில் ஒரு பங்கையாவது செட்டப்புக்கும் பாகத்துக்கும் ஒதுக்குவது எங்கள் கணக்கு.

நம் ஊர்க் காற்று, கரண்டு, சுங்கம்

ஈரக்காற்றில் தந்தி சீக்கிரம் கறுக்கும். கடலோர அடுக்குமாடி என்றால் பிரிட்ஜ் திருகும் துருப்பிடிக்கும். திருகுக்கு ஒரு சொட்டு எண்ணெய், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல். மேசனைட் உடம்பின் ஓரத்தில் ஒட்டிய பட்டை பிரிந்திருந்தால் ஈரம் உள்ளே போகும், பலகை ஊதும். இரவு முழுக்க ஏர்கான், பகல் முழுக்க வெக்கை என்று மாறும் அறையில் தொங்கவிடாமல் பெட்டியில் வையுங்கள்.

ஒற்றைச் சுருள் பிக்கப் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஹம்மைப் பிடிக்கும். விளக்கின் டிம்மர், மலிவான எல்இடி, கணினித் திரை எல்லாம் சேர்ந்து கொடுக்கும். நின்ற இடத்திலேயே உடம்பைத் திருப்பினால் ஒரு திசையில் குறையும். தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைவது இயல்பு. தொட்டதும் கூடினால் வயரிங் தலைகீழாக இருக்கலாம். மைக்கில் உதடு படும்போது சுரீர் என்றால் உடனே நிறுத்துங்கள், அது எர்த் கோளாறு. திருவிழா மேடையில் ஜெனரேட்டர் ஓடும்போது இது நடக்கும். இரைச்சலைக் குறைக்க எர்த் முனையைத் துண்டித்த பிளக்கை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

பேட்டரி இல்லாத கிட்டாருக்கு வோல்டேஜ் கவலை இல்லை. அதோடு வரும் ஆம்புக்கு உண்டு. ஜப்பான் ஆம்ப் 100 வோல்ட், அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட். நம் சுவரில் 230–240. மின்மாற்றி இல்லாமல் செருகினால் முதல் நாளே புகை.

வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வரவழைக்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு, 2024 ஜனவரி 1 முதல் 10 சதவீத விற்பனை வரி உண்டு. பதிவுபெற்ற விற்பனையாளர் அதை விலையோடு சேர்த்தே வாங்கிவிடுவார். தனிப் பிக்கப் இதற்குள் வரும். முழுக் கிட்டார் 500ஐத் தாண்டும், அதற்கான வரியைச் சுங்கத்துறையிடம் கேட்டுவிட்டுக் காசு அனுப்புங்கள். விரல்பலகை ரோஸ்வுட் என்றால், பிரேசிலிய ரோஸ்வுட் தவிர மற்ற வகைகளில் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு, அழிவாபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தில் 2019 நவம்பர் இறுதி முதல் விலக்கு இருக்கிறது. 1960களின் கிட்டார் வாங்குபவர் அது பிரேசிலிய ரோஸ்வுட்டா என்று கேட்டே ஆக வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின்

ஒலி பிடிக்கவில்லை என்றால் விற்பதற்கு முன் மூன்று காரியம். புதுத் தந்தி. அடுத்து பிக்கப் உயரம்: தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, காந்தக் கோல் உள்ள ஒற்றைச் சுருளுக்குத் தடித்த தந்திப் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய தந்திப் பக்கம் 2 மி.மீ. தொடக்க அளவு. இதைவிட நெருங்கினால் காந்தம் தந்தியை இழுத்து, ஒரே சுரத்தில் இரண்டு சுருதி கேட்கும். லிப்ஸ்டிக் பிக்கப்பின் உயரத் திருகைக் காணோம் என்றால் கிட்டாரைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். இரண்டும் செய்த பிறகும் காதைக் குத்தினால் 1 மெகா ஓம் பாட்டைக் கழற்றி 500 கிலோ ஓம் போடுங்கள், அதுவும் போதாவிட்டால் 250. பத்துப் பதினைந்து வெள்ளிக்குள் அடங்கும் பாகம், அரைமணி நேர ஈயப்பற்று வேலை. பழைய பாட்டைத் தூக்கி எறியாமல் பெட்டிக்குள் போட்டு வையுங்கள், பின்னால் வாங்குபவர் கேட்பார்.